இன்னொரு நடை போனால் என்ன?

மாசி மாதத்துப் பிற்பகல்களில் பரந்தன், முரசுமோட்டைப் பக்கத்து வயற்றெருக்களில் போய்வருவோர் ஒரு காட்சியைக் காண்பதுண்டு. தெரு வளைவிலே வைக்கோல் மலையொன்று தானாகவே அசைந்து போய்க்கொண்டிருக்கும். பின்னால் வருபவரின் கண்ணுக்கு இயந்திரமும் தெரியாது; அதை ஓட்டுபவனும் தெரியமாட்டான். 'டக், டக்' என்ற ஓசை மாத்திரம் மலைக்கு அப்பாலிருந்து கேட்கும். விலகி முன்னே போய்த் திரும்பிப் பார்த்தாற்றான் இரண்டே சில்லுகளையுடைய சின்னஞ்சிறு உழவு இயந்திரமொன்று அத்தனையையும் இழுத்துச் செல்வது புலனாகும். ஒரு கம்பனியின் பெயராக இந்நாட்டுக்கு வந்து, இன்று எக்கம்பனியின் இயந்திரத்துக்கும் பொதுப்பெயராகிவிட்ட 'லான்ட்மாஸ்ரர்' அது.

அந்தக் காட்சி கண்ணுக்கு இனியது. நெல் வீடு வந்து சேர்ந்தது. இனி மாட்டுக்கும் உணவு வருகின்றது என்ற நிறைவை அது தரும். நானும் பல ஆண்டுகள் அதைப் பார்த்து மகிழ்ந்தவனே. ஆனால் இப்பொழுது அவ்வாறு பார்க்க என்னால் இயலவில்லை. அந்த மலையின் உயரத்தையே என் கண் முதலில் அளக்கின்றது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தையும், அதனால் நான் கற்றுக்கொண்டவற்றையும் வைக்கோல் சேர்க்கும் குடும்பங்களுக்குச் சொல்லிவைப்பதே இவ்வாரம் என் நோக்கம்.

முன்னாளில் வைக்கோல் ஏற்றுவது தனி வேலையாக இருந்ததில்லை. கதிரை அரிந்து, கட்டாகக் கட்டி, களத்துக்குக் கொணர்ந்து சூடு வைப்பர். நல்ல நாள் பார்த்து எருதுகளைப் பிணைத்துச் சூடு மிதிப்பர். நெல் ஒரு பக்கமும் வைக்கோல் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். களத்தின் ஓரத்திலேயே போர் எழும். போர் வைக்கத் தெரிந்தவர் ஊருக்கு இரண்டொருவரே இருப்பர். அவர் நடுவிலே நின்று சுற்றிச் சுற்றி மிதித்து வைத்துக்கொண்டே உயர்வார். இறுதியில் மேலே கூம்பு வைத்து இறங்குவார். அப்படி வைத்த போரில் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் உள்ளே நீர் இறங்காது.

எருதுகளுக்குப் பின் நாலு சில்லு உழவு இயந்திரம் சூட்டை மிதித்தது. அதற்கும் பின், வெட்டுதலையும் அடித்தலையும் ஒருங்கே செய்யும் அறுவடை இயந்திரம் வயலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. அது நெல்லை மூட்டைக்குத் தந்து, வைக்கோலை வயல் நெடுக வரிசையாகக் கொட்டிச் செல்கின்றது. களமும் இல்லை, போர் வைக்கும் பெரியவரும் இல்லை. வயலிலே பரந்து கிடக்கும் வைக்கோலை என் செய்வது என்ற கேள்விக்குச் சிலர் தீக்குச்சியால் விடை கூறினர். சிலர் சுருட்டிக் கட்டும் இயந்திரத்தை வாடகைக்கு அழைத்தனர்.

அவ்வியந்திரம் வரிசையில் கிடக்கும் வைக்கோலை அள்ளி, உருட்டி, நூல் சுற்றி வெளியே தள்ளும். சிறு இயந்திரம் தரும் கட்டு ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் நீளமும் 50 சென்ரிமீற்றர் விட்டமும் உடையது. நிறை 15 முதல் 20 கிலோ வரை. ஒருவர் தூக்கக்கூடிய அளவுதான். அதன் அருமை இதுவே. இனிக் கூறப்போகும் ஆபத்தின் வேரும் இதுவே. கையால் தூக்கக்கூடியது எதையும் மனிதன் தன் தலைக்கு மேலும் அடுக்கிவிடுவான் அன்றோ?

ஒரு பசுவுக்கு எத்தனை கட்டு வேண்டும்? 300 கிலோ நிறையுள்ள பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கிலோ வைக்கோல் தின்னும் என்று வைத்துக்கொள்வோம். 18 கிலோக் கட்டு மூன்று நாளைக்கு வரும். வைகாசிக்குப் பின் புல் கருகி, மறுபடி மழை விழும்வரை நாலு மாதத்தைக் கடத்த வேண்டுமாயின் 40 கட்டுகள் தேவை. இரண்டு பசுக்களுக்கு 80. பழுது, சிதறல் என்று இன்னும் 10 சேர்த்தால் 90. இந்தத் தொண்ணூறு என்ற கணக்கை நான் மறப்பதற்கில்லை. 2019ஆம் ஆண்டு மாசி மாதத்தில் என் அண்ணியார் தம் இரண்டு பசுக்களுக்காகக் கட்டுவித்த கட்டுகள் தொண்ணூறே.

ஓட்டியவன் என் பெறாமகன். அப்போது அவனுக்கு 22 வயது. வயலிலிருந்து வீட்டுக்கு ஒன்றரை மைல். இடையில் பெரிய வாய்க்காலின் கட்டில் ஏறி, மதகைக் கடந்து, மறுபுறம் இறங்க வேண்டும். பெட்டியிலே வரிசைக்குச் சுமார் 10 கட்டாக மூன்று வரிசை வைத்தால் 30 கட்டு. மூன்று நடையில் வேலை முடியும். ஆனால் கட்டும் இயந்திரம் வரத் தாமதமாகியதால் பொழுது சாய்ந்துவிட்டது. தென்கிழக்கில் வானம் கறுத்திருந்தது.

"சித்தப்பா, மூன்று நடைக்கு நேரமில்லை. மழை வரப்போகுது. நாற்பத்தைந்து நாற்பத்தைந்தாய் இரண்டு நடையில் முடிப்பம்" என்றான் அவன்.

"கயிற்றை இறுக்கிக் கட்டினால் நிற்கும்" என்றேன் நான்.

மேல் வரிசைக்குக் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தவனும் நானே. இதை இங்கே எழுதாமல் விடுவது முறையன்று.

மதகு வரையில் ஒரு குறையும் இல்லை. மறுபுறம் இறங்கும்போது பாதை இடப்பக்கமாக வளைகின்றது. அவன் இடக் கைப்பிடியின் கீழுள்ள நெம்பை அழுத்தினான். இயந்திரமோ வலப்பக்கம் திரும்பிற்று. திகைத்துப் போய் இன்னும் இறுக்கி அழுத்தினான். இயந்திரம் இன்னும் வலப்பக்கமே போயிற்று. பெட்டியின் வலச் சில்லு கரையைவிட்டு இறங்கியது. அதன்பின் நடந்தவை எல்லாம் ஒரு மூச்சு நேரத்தில் முடிந்துவிட்டன. சுமை சரிந்தது, பெட்டி புரண்டது, கைப்பிடிக்கும் பெட்டிக்கும் நடுவில் அவனுடைய கால் அகப்பட்டுக்கொண்டது.

நிற்க. இடப்பக்கம் திருப்பிய இயந்திரம் வலப்பக்கம் போனது ஏன்? பலர் அதைக் கெட்ட நேரம் என்றனர். அது நேரத்தின் பிழையன்று, இயந்திரத்தின் இயல்பு. லான்ட்மாஸ்ரர் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இதனை அறிந்திருக்க வேண்டும்.

சமதரையில் இடப்புற நெம்பை அழுத்தினால் இடச் சில்லுக்குச் செல்லும் விசை துண்டிக்கப்படும். வலச் சில்லு மாத்திரம் முன்னே தள்ளும்; ஆகவே இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்திலோ நிலைமை தலைகீழ். அங்கே இயந்திரம் பெட்டியை இழுப்பதில்லை. சுமை நிறைந்த பெட்டிதான் இயந்திரத்தைப் பின்னாலிருந்து தள்ளுகின்றது. இயந்திரம் இரண்டு சில்லுகளையும் பிடித்து நிறுத்தி வைத்திருக்கின்றது. அந்நேரம் இடப்புற நெம்பை அழுத்தினால் இடச் சில்லு பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். பிடிபட்ட வலச் சில்லு பின்தங்கும். இயந்திரம் வலப்பக்கம் திரும்பாமல் வேறென்ன செய்யும்?

சுமை குறைவாயிருந்தால் பெட்டி தள்ளும் விசையும் குறைவு. இந்த மாற்றம் தெளிவாகத் தெரியாது. அவன் மூன்று ஆண்டுகளாக அதே இறக்கத்தில் சிறு சுமையோடு இறங்கிப் பழகியவன். பழக்கமே அவனை ஏமாற்றியது. அத்துடன், பெட்டிக்குரிய கால் பிறேக்கின் கம்பி கழன்று பல மாதங்களாகியும் பூட்டப்படாமல் இருந்தது. வயலுக்குள் அது தேவைப்படவில்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

ஆகவே இறக்கத்துக்கு வருமுன்பே வண்டியை நிறுத்தி, தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். இறங்கும்போது கியரைக் கழற்றுவதோ பிரதான கிளச்சை விடுவிப்பதோ கூடாது. நெம்புகளைத் தொடாமல், கைப்பிடியையே மெல்ல அசைத்துத் திருப்ப வேண்டும். பெட்டியின் பிறேக் வேலை செய்கின்றதா என்பதைச் சுமை ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இவை நாலும் ஒரு காசும் செலவில்லாத காரியங்கள்.

இனி உயரத்தின் கணக்கைப் பார்ப்போம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் விளங்கிக்கொள்ளக்கூடிய கணக்கு இது. பெட்டியின் இரு சில்லுகளுக்கும் இடைவெளி 4 அடி என்று கொள்க. நடுவிலிருந்து ஒரு சில்லுக்கு 2 அடி. ஒரு பக்கச் சில்லு 1 அடி உயரமான வரம்பில் ஏறினால் வண்டி நாலில் ஒரு பங்கு சாய்கின்றது. அப்போது சுமையின் பாரம் முழுவதும் எவ்விடத்தில் நிற்பதாகக் கொள்ளலாமோ, அந்த இடம் தன் உயரத்தின் நாலில் ஒரு பங்கு பக்கவாட்டில் நகரும். ஐந்து வரிசை அடுக்கினால் அவ்விடம் தரையிலிருந்து ஏறத்தாழ 6 அடி உயரத்தில் இருக்கும். ஒன்றரை அடி நகரும். மிஞ்சுவது அரை அடி. சுமை சற்றே ஆடினால் அந்த அரை அடியும் போய்விடும். மூன்று வரிசையாயின் உயரம் 5 அடிக்கும் குறைவு. ஒன்றேகால் அடிக்கு மேல் நகராது. முக்கால் அடி கையிருப்பில் இருக்கும். உயிருக்கும் புரள்வதற்கும் இடையில் நிற்பது இந்தக் கால் அடி வித்தியாசமே.

மேனாடுகளில் இதைவிடப் பெரிய கட்டுகளைக் கட்டுகின்றனர். 200, 300 கிலோ நிறையுள்ள உருளைகளை இயந்திரத்தின் முன்கைகளால் தூக்கி அடுக்குவர். அங்கும் இதே படிப்பினைதான். கைகளை உயர்த்திக்கொண்டு ஓடினால் வண்டி புரளும். சில வேளைகளில் கட்டு பின்னோக்கி உருண்டு ஓட்டுபவன் மேலேயே விழும். ஆகவே சுமையைத் தரையோடு ஒட்டித் தாழ்த்திக்கொண்டே போவர். அடுக்கும் இடத்துக்கு வந்த பின்னரே உயர்த்துவர். சுவீடன் நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே, புரண்டாலும் ஓட்டுபவனை நசுக்காத உறுதியான சட்டம் இல்லாமல் புதிய உழவு இயந்திரத்தை விற்கக் கூடாது என்று விதித்துவிட்டனர். அதன் பயனாக அங்கே புரண்டு இறப்போர் தொகை மிகவும் அருகியது. நம் இரு சில்லு இயந்திரத்திலோ அத்தகைய சட்டம் இல்லை. ஓட்டுபவனைக் காப்பது அவன் ஏற்றும் சுமையின் அளவு மாத்திரமே.

ஏற்றும்போது வேறு சிலவற்றையும் கவனித்தல் நன்று. பெட்டியின் முன்னும் பின்னும் தடிகள் நாட்டி, கட்டுகள் உருளாமல் தடுக்க வேண்டும். பாரமான கட்டுகள் அடியிலும் இலேசானவை மேலும் இருக்க வேண்டும். கயிற்றைக் குறுக்கும் மறுக்குமாகக் கட்டி, கால் மைல் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், வைக்கோல் ஓட்டத்தில் அமுங்கும், கயிறு தளரும். சுமையின்மேல் எவரும் இருக்கலாகாது. பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? தெருவுக்குக் குறுக்கே வீடுகளுக்குப் போகும் மின்கம்பிகள் தாழ்ந்து தொங்குவதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

உயரம் வைக்கோலின் ஒரு பகை. மற்றொரு பகை ஈரம். அது தெருவில் வெளிப்படாது. வீட்டு முற்றத்தில் வந்தே தன் வேலையைக் காட்டும்.

அறுவடை இயந்திரம் கொட்டிச் செல்லும் வைக்கோல் பச்சை மாறாதது. நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் கிடந்து, ஒருமுறை புரட்டப்பட்டு, காலைப் பனி முற்றாக உலர்ந்த பின்னரே கட்டப்படல் வேண்டும். ஒரு பிடியை எடுத்து முறுக்கிப் பார்த்தால் தண்டு நொறுங்க வேண்டும். குளிர்ச்சியாய் வளைந்துகொடுத்தால் இன்னொரு நாள் காத்திருக்க வேண்டும். கட்டிய கட்டின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கை மிஞ்சினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும், சூடு பிறக்கும். கட்டு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு அச்சூடு வெளியேறாது.

அடுக்கிய முதற் சில வாரங்களே கவனிக்க வேண்டிய காலம். ஓர் இரும்புக் கம்பியைப் போரின் நடுவரை செலுத்தி, 20 நிமிடம் விட்டு இழுத்துப் பிடித்துப் பாருங்கள். இளஞ்சூடாயின் அச்சமில்லை. கையில் பிடிக்க இயலாத சூடாயின் போரைப் பிரிக்க வேண்டும். உட்சூடு 65 பாகை செல்சியசைத் தாண்டினால் ஆபத்து நெருங்கிவிட்டது. 80 பாகையளவில் எவரும் தீ வைக்காமலே தீப்பற்றக்கூடும். பிரிக்கும்போது காற்றுப் பட்டதும் தீ எழலாமாதலால் தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டே பிரித்தல் வேண்டும்.

தீப்பற்றாவிடினும் பூஞ்சணம் தீமையே. பழுதுபட்ட வைக்கோலை உதறும்போது எழும் தூசியைச் சுவாசித்த குடியானவர்களுக்குக் காய்ச்சலும் இருமலும் மூச்சுமுட்டும் வருவதை இங்கிலாந்தில் கம்பெல் என்னும் வைத்தியர் 1932ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். சூடேறிய வைக்கோலில் வளரும் நுண்ணுயிர்களே அதற்குக் காரணம் என்பது 1960களில் தெளிவாயிற்று. தூசி பட்டு நாலு முதல் எட்டு மணித்தியாலத்துக்குப் பின்னரே நோய் தலைகாட்டுவதால், காலையில் மாட்டுக்கு வைக்கோல் போட்ட பெண்ணுக்கு மாலையில் வரும் காய்ச்சலைச் சாதாரண தடிமனென்று எண்ணிவிடுவர். அது திரும்பத் திரும்ப வந்தால் சுவாசப்பை நிரந்தரமாகப் பழுதடையும். வைக்கோல் உதறும் நாட்களில் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும், திறந்த வெளியிலே காற்றின் பக்கமாக நின்று உதறுவதும் அவசியம். அடிக்கடி காய்ச்சல் வருமாயின் வைத்தியரிடம் வைக்கோலைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

இனி அடுக்கும் முறை. உருளைக் கட்டுகளைச் சுவர் போல நேராக அடுக்கலாகாது. என்றோ ஒருநாள் அவை உருளும். தேங்காய் குவிப்பது போல, கீழ் வரிசையின் இரண்டு கட்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் மேல் வரிசைக் கட்டை வைத்தல் வேண்டும். அடியில் 5, அதன்மேல் 4, பின் 3, 2, உச்சியில் 1. ஆக ஒரு நிரைக்கு 15. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக 6 நிரை வைத்தால் சரியாக 90 கட்டு. ஏறத்தாழ 8 அடி அகலமும் 14 அடி நீளமும் 7 அடிக்குச் சற்று மேற்பட்ட உயரமும் உடைய போர் எழும். உச்சியில் ஒற்றைக் கட்டு முகடு போல் நிற்பதால், மேலே இடும் தறப்பாளில் நீர் தங்காது வழிந்தோடும். அடிவரிசையின் இரு ஓரத்திலும் உறுதியான முளைகள் அடித்தால் கட்டுகள் விலகா.

வெறுந்தரையில் வைக்கோலை வைத்தல் வீண். மழை நீர் தேங்காத மேட்டிலே பனங்குற்றிகளையோ பழைய மரங்களையோ பரப்பி, அவற்றின்மேல் அடுக்கினால் அடியில் காற்றோடும். கறையானும் எளிதில் ஏறாது. தறப்பாளைத் தரைவரை இழுத்து மூடிவிடுவது தவறு. உள்ளீரம் வெளியேற வழியில்லாமற் போகும். முகட்டை மூடி, பக்கங்களைக் காற்றுக்கு விட்டுவிடுக. அடுக்களையிலிருந்தும் நெல் அவிக்கும் அடுப்பிலிருந்தும் போர் தூரத்தில் இருக்கட்டும். வைக்கோலை இறக்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். சூடான புகைக்குழாயில் ஒட்டிய ஒரு துரும்பு போதும்.

மாட்டுக்கு எடுக்கும்போது உச்சியிலிருந்தே எடுத்து வருக. கைக்கு எட்டுகிறதென்று அடியிலிருந்து ஒரு கட்டை உருவினால் மேலுள்ளவை எல்லாம் உருளும். பெரும்பாலும் அந்நேரம் அங்கே நிற்பவர் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ ஆவர். போருக்குள் எலி வரும். எலியைத் தேடிப் புடையன் வரும். ஆதலால் வெறுங்கையை இடுக்கில் விடாமல், தடியால் தட்டியே கட்டை எடுத்தல் வேண்டும். கட்டைச் சுற்றிய நைலோன் நூலை ஒவ்வொரு முறையும் எண்ணி எடுத்து ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள். வைக்கோலோடு அதை விழுங்கிய மாட்டின் வயிற்றில் அது சுருண்டு அடைத்துக்கொள்ளும்.

வயல் வைக்கோல் அனைத்தையும் அள்ளிக்கொண்டு வந்துவிடுவதும் முறையன்று. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பங்கு நெல்லில் இல்லை, வைக்கோலிலேயே தங்கியிருக்கின்றது. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டபோது, முன்னைய ஆண்டுகளில் வைக்கோலை எரித்தவர்களும் அதை வயலுக்குள்ளேயே உக்கவிடத் தலைப்பட்டனர். மாட்டுக்கு வேண்டிய அளவைக் கணக்கிட்டு எடுத்து, மீதியை மண்ணுக்கே விட்டுவிடலாம். தொழுவத்து எருவை மாடு தின்றதற்கு ஈடாக வயலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நம் கடன்.

பெறாமகனின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். அன்று மாலை வருமென்று நாங்கள் அஞ்சிய மழை வரவேயில்லை. வானம் இரவோடு வெளுத்துவிட்டது. வயலில் விட்டுவந்த 45 கட்டுகளும் மறுநாட் காலையில் உலர்ந்தபடியே கிடந்தன. அவற்றை அயலவர்கள் ஏற்றி வந்து தந்தனர். அவனுடைய தொடையெலும்பு பொருந்த ஏழு மாதம் சென்றது. அந்த ஏழு மாதமும் அண்ணியார் தனியே நின்று இரண்டு பசுக்களையும் பார்த்தார். பால் விற்ற காசு ஆசுபத்திரிக்குப் போய்வரும் பஸ்ஸுக்கே போதவில்லை. அவர் ஒருநாளும் என்னைக் குறை கூறியதில்லை. "நீங்களும் மழையைத்தானே பார்த்தீங்கள், தம்பி" என்று ஒருமுறை சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டபோது, அவர் ஏசியிருந்தால் நன்றாயிருக்குமே என்று எனக்குத் தோன்றிற்று.

சென்ற ஆண்டு மாசியில் மறுபடி அவ்விடம் போயிருந்தேன். காலைச் சற்று இழுத்து நடக்கின்றான். ஆயினும் இயந்திரத்தை அவனே ஓட்டுகின்றான். பெட்டியின் இரு பக்கத்துத் தடியிலும் மூன்று வரிசை உயரத்தில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டிருக்கின்றான். அதற்குமேல் ஒரு கட்டும் ஏறாது. பெட்டியின் பிறேக் புதிதாகப் பூட்டப்பட்டிருந்தது. இரண்டாம் நடை போய்வந்தபோது வானம் இருண்டு தூறலும் விழத் தொடங்கிற்று. என் கை பழைய வழக்கப்படி நாலாம் வரிசைக்கு ஒரு கட்டை எடுத்துவிட்டது. அவன் கோட்டைக் காட்டிச் சிரித்தான்.

"வையுங்கோ சித்தப்பா. இன்னொரு நடை போவம்."

மூன்றாம் நடை வீடு வந்து சேர இருட்டிவிட்டது. கட்டுகள் நனைந்தே வந்தன. மறுநாள் நூலை அறுத்து, முற்றத்தில் பரப்பி உலர்த்தினோம். இரண்டு நாள் வெயிலில் வைக்கோல் காய்ந்துவிட்டது.